விரிசலின் விலை முப்பதாயிரம்

தூர்ஷ்பி
3 ஏப்ரல் 1995

மதிப்பிற்குரிய சீவ் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபத்தெட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு அடுப்பில் போட்டுவிடவில்லையென்றால், மேலே படிக்கவும்.

விஷயம் வண்டியைப் பற்றியது. 1964-இல் நாம் இரண்டு பெண்களும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு வாங்கிய அதே வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார். இன்றும் என் கொட்டகையில்தான் நிற்கிறது. அதை விற்கலாம் என்றிருக்கிறேன். என் இடது முழங்கால் இப்போது கிளட்சை மிதிக்க மறுக்கிறது. ஓட்டாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மதிப்புப் போட ஒருவரை அழைத்து வந்தேன். இன்றிருக்கும் நிலையில் அறுபதாயிரம் குரோனா போகுமாம். துருவை வெட்டியெடுத்து, டிங்கரிங் பார்த்து, பழைய வெள்ளையே அடித்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம். ரேலிப் பந்தயங்களில் ஓடிய வண்டி என்பதற்கு அத்தாட்சி இருந்தால் இன்னும் ஏறுமாம். நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டிலிருந்து வளைவுகளைப் படித்துச் சொல்வதற்காக நீங்கள் பாதை குறித்து வைத்த நோட்டுகள்தான் அந்த அத்தாட்சி.

டிங்கர் வேலையை நானே செய்வேன். முப்பது வருடமாக அதுதானே என் தொழில். எனக்கு வேண்டியவை இரண்டு: நோட்டுகள், விற்பனைத் தாளில் உங்கள் கையெழுத்து. பாதி வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது.

இப்படிக்கு,
பார்ப்ரோ ஹெட்லுண்ட்

•

யோத்தெபொரி
11 ஏப்ரல் 1995

பார்ப்ரோ,

என்னை “நீங்கள்” என்று எழுதியிருக்கிறாய். ஒரே கூடாரத்தில் ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்தபோது நான் “நீ”யாகத்தான் இருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், டிராம் நேர அட்டவணைகளுக்கு நடுவே உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், டிராம் கம்பெனியில்தான் இருக்கிறேன். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுவது என் வேலை. நான் தாமதமாகச் சொன்னேன் என்று இந்த ஊரில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நீ சொன்னாய். அதுவும் பத்திரிகைக்காரனிடம். “அந்த வளைவை சீவ் நேரத்தோடு சொல்லவில்லை, அதனால்தான் மரத்தில் மோதினோம்” என்று. கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நான், காலைக் காபியோடு அதைப் படித்தேன். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது.

நோட்டுகள் பதினான்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அனுப்ப மாட்டேன். என் பாதி வண்டிக்கு என்ன செய்கிறாய் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வா. கையெழுத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

சீவ்

•

தூர்ஷ்பி
2 மே 1995

சீவுக்கு,

சரி, “நீ”. எனக்கும் அதுதான் வசதி.

உன் பாதி எது என்று நீ சொல்லாததால் இரண்டு பக்கமும் வேலை செய்கிறேன். பெயின்டைச் சுரண்டச் சுரண்ட வெங்காயம் உரிக்கிற மாதிரி இருக்கிறது. மேலே மஞ்சள் படிந்த வெள்ளை, அதற்குக் கீழே பளிச்சென்ற வெள்ளை, அப்புறம் சாம்பல் நிற பிரைமர். முன் மட்கார்டில் நான் எழுபதுகளில் பூசிய பட்டி கட்டைவிரல் கனம்! அதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு அவசரம் போலிருக்கிறது. அத்தனையையும் பெயர்த்துவிட்டு, புதுத் தகரம் வெட்டி, மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைவு எடுக்கிறேன். பத்து தட்டு, ஒரு தடவல். கண்ணைவிட உள்ளங்கைக்குத்தான் மேடுபள்ளம் தெரியும்.

என் கணவர் ஹோல்கர் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தால் வாசலிலேயே நின்றுகொள்கிறார். “உள்ள வந்தா உப்புத்தாளக் கையில குடுத்துருவா” என்று பயம். நேற்று பிடித்துவிட்டேன். கதவு ஒன்றை முழுக்கத் தேய்த்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் சொல்லலியே” என்று புலம்பிக்கொண்டே தேய்த்தார்.

உன் கழுத்துப்பட்டை எலும்பைப் பற்றி எழுதியிருந்தாய். பத்திரிகையில் சொன்னது தப்பு. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஊருக்குச் சொன்னேன். ஆனால் சீவ், நீ தாமதமாகத்தான் சொன்னாய். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பார்ப்ரோ

•

யோத்தெபொரி
9 மே 1995

பார்ப்ரோ,

பதினோராம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிப்ரவரி 1967, பந்தயத்தின் ஐந்தாம் கட்டம். “மரக்கிடங்கு தாண்டி நூறு மீட்டர், இடது, மூன்றாம் கியர்.” பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. வாயால் சொல்லி முடித்ததும் நான் அப்படிக் கோடு போடுவேன், உனக்குத் தெரியும். மோதிய பிறகு கோடு போட என் கை எங்கே இருந்தது?

நான் நேரத்தோடு சொன்னேன். நீதான் திருப்பவில்லை.

ஹோல்கரிடம் என் அனுதாபங்களைச் சொல். கதவு என் பாதியில் சேர்ந்தது என்றால் நன்றியும் சொல்.

சீவ்

•

தூர்ஷ்பி
27 மே 1995

அன்புள்ள சீவ்,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்துகொண்டு படி.

ஸ்டீயரிங் பெட்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம் இருக்கிறதே, விபத்துக்குப் பிறகு சுன்னே ஊர்க் கொல்லர் அதன்மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங் போட்டுக் கொடுத்தார். தகட்டின் ஓரத்தில் துரு ஏறியிருந்ததால் நேற்று அதை வெட்டி எடுத்தேன். அடியில் ஒரு விரிசல். மோதியதில் விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனேன். விரிசலுக்குள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. ஊசியால் கிளறி மோந்து பார்த்தேன். தார்.

சீவ், அந்தத் தாரை நாம் எப்போது பூசினோம்? பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பு வண்டியைத் தின்னாமலிருக்க அக்டோபரில், பந்தயத்துக்கு நான்கு மாதம் முன்னால். உன் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வெட்டியெடுத்தோமே. அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் தார் பூசவில்லை. கொல்லர் தகடு வைத்து மூடிவிட்டார். அப்படியென்றால் அக்டோபரிலேயே விரிசல் இருந்திருக்கிறது. அதற்குள் தார் இறங்கியிருக்கிறது. விரிசலில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் தார். மிச்சம் தார் படாத புது முறிவு. அந்த மிச்சம்தான் அந்த வளைவில் விட்டிருக்கிறது.

நீ நேரத்தோடு சொன்னாய். நான் நேரத்தோடு திருப்பினேன். ஸ்டீயரிங் சுற்றியது, சக்கரம்தான் திரும்பவில்லை. மேடுகளில் அந்த வண்டியை அத்தனை தடவை பறக்கவிட்டால் இரும்புதான் என்ன செய்யும்?

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹோல்கர் ஓடி வந்து, “என்னடி, அடிபட்டுதா?” என்றார். “இல்ல. சீவ் கரெக்டா சொல்லியிருக்கா” என்றேன். “இது இப்பதான் தெரியுதா?” என்றார் அந்த மனுஷர்.

இருபத்தெட்டு வருடம் உன்னைத் தவறாகப் பழித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

உன்
பார்ப்ரோ

•

யோத்தெபொரி
30 மே 1995

அடி பார்ப்ரோ,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து, சமையலறையைச் சுற்றி நாலு முறை நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். ஆடியிருக்கிறேன் போலிருக்கிறது.

உன்னை மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்? உனக்குக் காது சரியில்லை, கை சரியில்லை என்று நானும் இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், தெரியுமா? டிராம் கம்பெனியில் ஒருவர் பாக்கியில்லை. எல்லோரிடமும் போய்த் திருத்திச் சொல்ல எனக்கு ஒரு வாரம் வேண்டும்.

அந்த விரிசலை நீ அடைப்பதற்கு முன் ஃபோட்டோ எடுத்து வை. நடுக்கோடை விழாவுக்கு வருகிறேன். பதினான்கு நோட்டுகளும் என்னோடு வரும். ரயில் 14.52-க்கு வரும். தாமதமாகாது, நான் விசாரித்துவிட்டேன்.

உன்
சீவ்

•

தூர்ஷ்பி
20 ஆகஸ்ட் 1995

என் சீவுக்கு,

நீ போனதிலிருந்து ஹோல்கர் மூன்று முறை கேட்டுவிட்டார், “அடுத்து எப்ப வருவா?” என்று. புது உருளைக்கிழங்கையும் மத்தி மீனையும் உன்னைப் போல் யாரும் பாராட்டிச் சாப்பிட்டதில்லையாம். நான் என்ன பட்டினியா கிடக்கிறேன்?

வண்டி முடிந்துவிட்டது. வெயிலில் நிறுத்தினால் கண் கூசுகிறது. இந்த வாரம் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள்.

முதல் ஆள் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த வியாபாரி, ஆர்விட் என்று பெயர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வண்டியைத் தடவினார். உன் நோட்டுகளைப் பார்த்ததும் மூச்சையே விட மறந்துவிட்டார். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் தருகிறேன் என்றார். அப்புறம் விரிசல் படத்தைப் பார்த்தார்.

“அம்மா, இந்த ஃபோட்டோவ எரிச்சிருங்க.”

“எதுக்கு?”

“நீங்க பிரமாதமா அடைச்சிட்டீங்க, வெளிய ஒண்ணும் தெரியல. ஆனா சட்டத்துல விரிசல் விட்ட வண்டின்னு பேர் வந்தா முப்பதாயிரம் கொறஞ்சிரும். நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்லல.”

“அந்த விரிசல் கண்ணுல படாம நான் இருபத்தெட்டு வருஷம் ஒரு சிநேகிதிய இழந்திருக்கேன். அத மறைக்கச் சொல்றீங்களா? முப்பதாயிரம்தானே, கொறையட்டும்.”

வியாபாரம் தெரியாத கிழவி என்று முகத்திலேயே எழுதியிருந்தது. “யோசிச்சுச் சொல்லுங்க” என்று முகவரி அட்டையை நீட்டிவிட்டுப் போனார். வாங்கினால் வண்டியைச் சூடும் குளிரும் படாத ஒரு கிடங்கில் வைத்துப் பூட்டி, பத்து வருடம் கழித்து விற்பாராம்.

இரண்டாவது ஆள் மலின். முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமங்களுக்குத் தபால் வேன் ஓட்டுகிறாள். ஃபோட்டோவைப் பார்த்தாள். போட்டிருந்த நல்ல கோட்டோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்துவிட்டாள். அங்கிருந்து குரல்:

“இந்த வெல்டிங் யாரு போட்டது?”

“நாந்தான்.”

“அப்போ வண்டியிலயே கெட்டியான எடம் இதுதான்!”

காபி குடித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அவளால் ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம்தான் முடியும். வண்டியைப் பூட்டி வைப்பதற்கு இல்லை, பனியில் ஓட்டத்தான் வேண்டுமாம். அவளுக்குக் கொடுத்தால், ஆர்விட் சொன்ன விலையைவிட நம் ஒவ்வொருவருக்கும் பதினேழாயிரத்து ஐந்நூறு குறையும். பாதி உன்னுடையது. நீ சொல்.

பார்ப்ரோ

•

யோத்தெபொரி
23 ஆகஸ்ட் 1995

பார்ப்ரோ,

இதையும் கேட்க வேண்டுமா? மலினுக்கே கொடு. கையெழுத்திட்ட தாள் இத்துடன் இருக்கிறது. நோட்டுகளையும் அவளிடமே கொடுத்துவிடு. பதினோராம் நோட்டை மட்டும் எனக்கு அனுப்பு. அதை விற்க மனம் வரவில்லை.

சீவ்

•

தூர்ஷ்பி
16 செப்டம்பர் 1995

என் சீவுக்கு,

மலின் வந்து வண்டியை எடுத்துப் போனாள். அழுவேன் என்று நினைத்தேன், இல்லை. முதல் வளைவில் அவள் பின்பக்கத்தை லேசாக வழுக்கவிட்டுத் திருப்பியதைப் பார்த்ததும் கைதட்டிவிட்டேன்.

இதோடு வைத்திருக்கும் பத்திரிகைத் துண்டைப் பார். பிழைதிருத்தம் என்ற தலைப்பில், மீன் விலைக்குக் கீழே. நானே போய்க் கேட்டேன். அங்கிருந்த ஆசிரியர் அந்தச் செய்தி வந்தபோது பிறந்திருக்கவே இல்லை. “இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் திருத்தமா?” என்றார். “தப்பு பெருசு, அதான் நேரமாயிருச்சு” என்றேன். “1967 பிப்ரவரியில் வெளியான செய்திக்கு மாறாக, பாதையைச் சொன்ன சீவ் அல்ம் வளைவைச் சரியான நேரத்தில் சொன்னார்.” ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டுவிட்டார்கள்.

வண்டி போய்விட்டது. இனி உனக்குக் கடிதம் எழுத ஒரு சாக்கும் இல்லை. ஆனாலும் எழுதுவேன்.

பார்ப்ரோ

•

யோத்தெபொரி
12 நவம்பர் 1995

அன்பு பார்ப்ரோ,

அந்தத் துண்டைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டிவிட்டேன். டிராம் ஓட்டுநர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடக்கிறார்கள், கேலிக்குத்தான்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கசக்கிவிட்டேன். மலின் ஃபோன் செய்தாள். ஜனவரியில் பழைய வண்டிகளுக்கான பனிப் பந்தயம் நடக்கிறதாம், உங்கள் பக்கத்துக் காட்டிலேயே. “பக்கத்து சீட்ல நீங்க உக்காருவீங்களா?” என்று கேட்டாள். எனக்கு ஐம்பத்தேழு வயது. இடுப்பு பெல்ட் கட்டவே பாடுபட வேண்டியிருக்கிறது. ஆனால் அவள் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை, அத்தனை சந்தோஷம்.

உன்னைத் தவிர வேறு யார் பக்கத்திலும் நான் உட்கார்ந்ததில்லை. நீ வேண்டாம் என்றால் போக மாட்டேன். மனதில் உள்ளதை அப்படியே சொல்.

உன் சீவ்

•

தூர்ஷ்பி
15 நவம்பர் 1995

என் சீவ்,

மனதில் உள்ளதை அப்படியே சொல்கிறேன். பொறாமையாக இருந்தது. காபி ஆறும்வரை பொறாமைப்பட்டேன். அப்புறம் முழங்காலை ஒரு தடவை மடக்கிப் பார்த்தேன். அது கத்தியது. சரி, போகட்டும் என்று கடிதத்தை ஹோல்கரிடம் படித்துக் காட்டினேன். “நீ எதுக்கு யோசிக்கிற? அவ போகலன்னா நான் போறேன்” என்றார்.

போடி. கட்டாயம் போ. மலினுக்கு இன்று காலை எழுதிவிட்டேன்: “உன் கண்ணை நம்பாதே, உன் காதை நம்பு. சீவ் சொன்ன பிறகு ஒரு நொடிகூட யோசிக்காதே.” இந்த அறிவுரை எனக்கு யாராவது கொடுத்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அவள் கேட்பாள்.

முந்தின நாளே இங்கே வந்துவிடு. கம்பளிக் காலுறை மூன்று ஜோடி பின்னி வைக்கிறேன். அந்த வண்டியில் ஹீட்டர் இன்றும் ஒரு பேச்சுக்குத்தான்.

நானும் ஹோல்கரும் ஏரியை ஒட்டிய வளைவில் நிற்போம். ஜனவரியில் அங்கே மூக்கு உறைந்துவிடும், அதனால் வெகுநேரம் காத்திருக்க என்னால் ஆகாது. நீங்கள் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு அங்கே வருவீர்கள் என்று கணக்குப் போட்டு எழுது. சரியாக அந்த நிமிடத்துக்குத்தான் எங்கள் காரிலிருந்து இறங்குவேன். ஒரு நிமிடம்கூட முன்னதாக இறங்க மாட்டேன்.

உன்
பார்ப்ரோ