என் பெயரில் ஒரு நைட்டி

பிப்ரவரி 2, திங்கள்

பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு மாடித் தொட்டி தெரியவில்லை. பால் தாமதம். வலி இடது முழங்காலில் மட்டும்.

எதிர்வீட்டு லதா, நேற்றைய செய்தித்தாளின் ஞாயிறு இணைப்போடு வந்தாள். அடக்கிய சிரிப்பு. "ஆன்ட்டி, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க."

வினோதினி. என் நாத்தனார் மகள். சென்னையில் உடை வடிவமைப்பாளர். வரும் சனிக்கிழமை மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அவளுடைய கடற்கரை உடைகளின் காட்சி. இரண்டு பக்கப் படம், பேட்டி. பிளஸ் டூவுக்காக இரண்டு வருடம் இந்த வீட்டில் இருந்து படித்தவள். இனி இங்கே வி. என்று மட்டும் எழுதுவேன். முழுப் பெயர் எழுதும் மரியாதை இன்று இல்லை.

எதையெல்லாம் பார்த்து இவற்றைச் செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று பதில். மாமல்லபுரத்துச் சிற்பம். மீனவர் வலை. மூன்றாவது நான். பெயரோடு, ஊரோடு. அப்படியே எடுத்து எழுதி வைக்கிறேன்:

"செங்கல்பட்டில் என் சுலோசனா அத்தை தினமும் காலையில் நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று மீன் வாங்குவார். யாரைப் பற்றியும் கவலைப்படாத அந்தச் சுதந்திரத்தைத்தான் இந்த உடையில் பிடித்திருக்கிறேன்."

தினமும். நைட்டி. வாசலில். நான்.

காலை ஆறு மணிக்குக் கொசுவம் கலையாமல் பின் குத்தி, கஞ்சி போட்ட புடவையில்தான் நான் படுக்கையறைக் கதவைத் தாண்டுவேன். கான்வென்டில் சிஸ்டர் யூஜின் பாவாடை ஓரத்தை ஸ்கேல் வைத்து அளப்பார். விரல் அகலம் ஏறினால் முட்டி போட வேண்டும். பதினோரு வருடம் படித்தேன். ஒரு நாள் முட்டி போடவில்லை.

மதியம் சாப்பிட்டபின் கண்ணாடி போட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சிற்ப உடை: கல்லில் உள்ள மடிப்பை அப்படியே எடுத்தாளாம். கல்லில் இருப்பவர்கள் உட்கார்ந்து எழுந்திருப்பதில்லை. இதை உடுத்தி ஒரு முறை உட்கார்ந்தால் இடுப்பில் சுருக்குப் பை.

வெள்ளை அங்கி: நன்றாக வெளுத்த துணி. உள்ளே பெண் இருப்பதாகத் தெரியவில்லை.

வலை உடை: இந்தக் கரையில் பிறந்தவர் யாரும் வலையை உடம்பில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டதில்லை.

ஓரத்தில் பொடி எழுத்து: தண்ணீரில் நனைக்கக் கூடாது. கடற்கரை உடை!

பிறகு என் உடை. "காலை உடை" என்று பெயர். நைட்டி என்று போட வெட்கம் போலிருக்கிறது. என்னை அதில் நிறுத்த வெட்கமில்லை. பட்டில் நைட்டி. தோளில் பட்டுத் துண்டு, விழாமலிருக்கத் தைத்தே விட்டிருக்கிறாள்.

இதற்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும். எந்த ஊர் படித்ததோ அந்த ஊர் முன்னால்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. அரிசி களைந்து வைத்தேன்.

மீன்கார தேசம்மா வந்தாள். சதுரங்கப்பட்டினத்துக்காரி. முப்பது வருடமாக இந்தத் தெருவுக்கு அவள்தான். முன்பு தலையில் கூடை, இப்போது மொபெட். செய்தி எட்டிவிட்டது.

"இன்னாம்மா, பேப்பர்ல வந்துகினியாமே! நைட்டி போட்டுகினு எங்கிட்ட வஞ்சிரம் வாங்கறியாமே! இத்தினி வருசத்துல நான் பாக்காத நைட்டிய அந்தப் பொண்ணு எங்க பாத்துச்சு?"

"நீயே சொல். ஒரு நாளாவது பார்த்திருக்கிறாயா?"

"உன்னியா? உன் புடவ மடிப்புல காய் நறுக்கலாம். நைட்டியாவது, நீயாவது. நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு நாளு..."

நிறுத்திவிட்டாள். மீனைத் திருப்பிப் போட்டாள். செதிளே இல்லாத மீனைச் சுரண்டினாள்.

"இன்னைக்கு சங்கரா நல்லா கீதும்மா" என்றாள் வேறு குரலில்.

வாங்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். மதியம் தயிர் சாதம்.

பிப்ரவரி 4, புதன்

மோர் புளித்துவிட்டது. கரண்ட் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இல்லை.

கரண்ட் வந்ததும் வி.க்குப் போன் செய்தேன்.

"அத்தை! பாத்தீங்களா? எல்லாரும் உங்களப் பத்திதான் கேக்கறாங்க. சனிக்கிழமை கார் அனுப்பறேன். ஃபர்ஸ்ட் ரோ. முடிவுல உங்கள மேடைக்குக் கூப்பிடுவேன், ரெண்டு வார்த்தை பேசணும்."

"நான் எப்போது வாசலில் நைட்டியோடு மீன் வாங்கினேன்?"

"ஐயோ அத்தை, தினமும்னு சும்மா ஒரு ஃப்ளோல சொன்னேன். கோபமா? ஆனா ஒரு நாள் நிஜமாவே பாத்தேன். மொட்டை மாடியில படிச்சிட்டிருந்தேன். கீழ வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நீங்க. நைட்டி, தோள்ல துண்டு. பக்கத்துல மீன் கூடை. அப்பதான் விடியற வெளிச்சம், மஞ்சளா. நீங்க தெருவையே பாத்துட்டு நின்னீங்க. அவ்ளோ அழகு. அந்த பிக்சர் மனசை விட்டுப் போகவே இல்ல."

"தேசம்மா இருந்தாளா?"

"யாரு?"

"மீன்காரி."

"இல்லையே. கூடை மட்டும்தான் இருந்துது. ஏன் அத்தை?"

சனிக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டேன். புளித்த மோரைக் கொட்டிவிட்டேன். கோபத்தில்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

எழுத வேண்டியதில்லை என்று இருந்தேன். யார் படிக்கப்போகிறார்கள். எழுதுகிறேன்.

வி. மாடியிலிருந்து பார்த்த அன்று, விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அவர், என் கணவர், குளியலறையில் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. போன் எடுத்தேன், உயிரில்லை. மூன்று நாளாகவே பழுது. தெருவுக்குத்தான் ஓட வேண்டும். முன்வாசல் வரை ஓடினேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

நைட்டியில் இருந்தேன்.

திரும்பினேன். துண்டு வழக்கமான கொக்கியில் இல்லை. அறையில் இல்லை. பின்கட்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கிளிப். ஒன்றை எடுத்தபின் மற்றது வரவில்லை, இழுத்தேன். போட்டுக்கொண்டேன். நெஞ்சு மறைகிறதா என்று சரிசெய்தேன். ஆமாம், சரிசெய்தேன். அதன்பின் கதவு.

வாசலில் தேசம்மா. என் முகத்தைப் பார்த்த உடனே கூடையை அங்கேயே இறக்கிவிட்டு முனைக்கு ஆட்டோ கொண்டுவர ஓடினாள். நான் கூடைப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்தேன்.

அதுதான் வி.யின் அழகான காட்சி.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்றார் டாக்டர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குத் தெரியாது. துண்டுக்காகத் திரும்பியது தேசம்மாவுக்கும் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருடம்.

அன்று மதியமே நாத்தனார் வந்து வி.யைத் தன் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், பரீட்சை கெட்டுவிடும் என்று. மாமா போனதையே பரீட்சை முடிந்தபின்தான் சொன்னார்கள். அதனால் பெண்ணுக்கு மாமா செத்த நாள் வேறு, மாடியிலிருந்து பார்த்த காலை வேறு. வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மீதி என்னிடம். இப்போது அந்த வெளிச்சத்தைப் பட்டில் தைத்து விற்கிறாள். சுதந்திரமாம்.

செய்யக்கூடியவை:

1. போகாமல் இருப்பது. கோழைத்தனம்.
2. லதாவின் தம்பி வக்கீல். என் நைட்டியைப் பற்றிக் கோர்ட்டில் பேசுவார்கள். வேண்டாம்.
3. பத்திரிகைக்குக் கடிதம். மூன்று வரியாக வெட்டி, மூலையில் போடுவார்கள்.
4. மேடை. மைக். எல்லாவற்றையும் சொல்லி, அவள் முகத்தைப் பார்ப்பது.

நான்கு.

பிப்ரவரி 6, வெள்ளி

பாசிப்பச்சை காஞ்சிபுரம் காட்டனுக்குக் கஞ்சி. திக்காக. ஜாக்கெட்டில் ஒரு கொக்கி தளர்வு, மாற்றித் தைத்தேன். ஊசியில் நூல் கோக்க நான்கு முயற்சி.

பேச்சு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அடித்து அடித்து அரைப் பக்கம். கண்ணாடி முன் இரண்டு முறை. குரல் உடையவில்லை.

லதா காய் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். "கோபமா போறீங்களா ஆன்ட்டி?"

"கஞ்சி போட்டுவிட்டுப் போகிறேன்."

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக.

மூன்று மணிக்குக் கார். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம். கொசுவம் நசுங்காமலிருக்க முன் சீட்டில் நுனியில் உட்கார்ந்தேன். ரிசார்ட் புல்வெளி தாண்டி மணல், மணலில் பலகை நடைபாதை, இரு பக்கமும் நாற்காலி. கடல் காற்றில் எல்லோர் தலைமுடியும் பறந்தது. என் கொண்டை பறக்கவில்லை.

ஐந்தரைக்கு ஆரம்பம். வலை உடை முதலில். அருகில் பார்த்தால் முடிச்சுகள் பசையில் ஒட்டியவை. பின்னால் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த ஊழியர்கள் இருவர், பக்கத்துக் குப்பத்து ஆட்கள்.

"இன்னா அண்ணாத்த இது? நண்டு மாட்டிகினு வர்ற மாரி கீது."

"கம்னு இருடா. அதுக்குத்தான் கை தட்டிகினு கீறாங்கோ."

மாலை முழுவதிலும் நான் கேட்ட உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்.

சிற்ப உடை, காற்றில் மடிப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது. வெள்ளை அங்கியின் ஓரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை; அரை அங்குல வித்தியாசம், உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஒன்பதாவதாக ஒரு சாம்பல் நிறப் பருத்தி உடை. தையல் உள்ளே மடிந்து ஒரு பிசிறு இல்லை. பட்டன் காஜா ஒவ்வொன்றும் கையால் எடுத்தது. குறை தேடினேன். இல்லை. எரிச்சலாக இருந்தது.

கடைசியில் காலை உடை. அந்தப் பெண் இடுப்பில் மீன் கூடை வைத்துக்கொண்டு வந்தாள். கூடைக்குள் தாமரைப் பூ. நடைபாதை முடிவில் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தோளில் துண்டைச் சரிசெய்து, தூரத்தைப் பார்த்து நின்றாள். நெஞ்சு மறைகிறதா என்று பார்ப்பதுபோல, அதே கை.

என் பக்கத்து நாற்காலிப் பெண், "சோ க்யூட்!" என்றாள். எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது.

அப்போது மனதை மாற்றிக்கொண்டேன். மேடையில் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கை தட்டுவார்கள். கதையோடு வருகிறதென்று ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். அவரை இவர்களிடம் கொடுக்க மாட்டேன்.

வி. ஓடி வந்து கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனாள். "இவங்கதான் என் அத்தை!" கை தட்டல். மைக்கை என் கையில் கொடுத்தாள். வாங்கி, அதன் தலையை உள்ளங்கையால் பொத்தினேன். இன்னொரு கையால் அவள் கழுத்தை வளைத்து, காதை என் வாயருகே கொண்டுவந்தேன். படம் எடுப்பவர்கள் நெருங்கினார்கள். சிரித்த முகத்தோடுதான் சொன்னேன்.

"மாடியிலேர்ந்து பாத்தியே, அப்ப உன் மாமா பாத்ரூம்ல விழுந்து கெடந்தார். மீன்காரி ஆட்டோ கூப்பிட ஓடிட்டா, அதான் கூடை தனியா இருந்துது. நான் கதவு வரைக்கும் போயிட்டு இந்தத் துண்டுக்காகத் திரும்பினேன். கொடியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டு வந்த அந்த நேரம்தான் அவரைக் கொண்டுபோயிடுச்சு. இது உனக்கு மட்டும் சொல்றேன். வெச்சுக்கோ."

விட்டேன். அவள் நிமிரவில்லை. என் தோளிலேயே இருந்தாள். கூட்டம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது.

பிறகு மைக்கைத் திறந்து சொன்னேன்: "பத்திரிகையில் வந்தது தவறு. நான் வாசலில் மீன் வாங்குவது புடவையில். தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். வி. சிரிக்கவில்லை. காலை உடை போட்ட பெண் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை. கழுத்தே அந்தப் பக்கம் போகவில்லை. பார்த்தேன். நன்றாக, தேவையான அளவு பார்த்தேன்.

காப்பி கொடுத்தார்கள். ஆறியிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மேகம். துணி காயவில்லை. முழங்கால் பரவாயில்லை.

தேசம்மாவிடம் அரைக் கிலோ சங்கரா. இரண்டு மீன் கூடப் போட்டாள்.

லதா போனில் காட்டினாள். காலை உடையின் படத்தை வி. எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாளாம். பேட்டியின் கீழே ஒரு வரி: அத்தையைப் பற்றி நான் சொன்னது உண்மையல்ல, மன்னிக்கவும். "ஏன் ஆன்ட்டி எடுத்துட்டாங்க? அதுதானே எல்லாருக்கும் புடிச்சுது?" தெரியாது என்றேன்.

ஜெயித்தாகிவிட்டது. குழம்பில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையிலிருந்து வி.யின் போன். ஏழு முறை. எடுக்கவில்லை. பிறகு மெசேஜ்கள். சாப்பிட முடியவில்லையாம். கண்ணை மூடினால் அந்த வாசல் கேட்தான் தெரிகிறதாம். நீங்க என்னைக் கூப்பிட்டிருந்தா நான் மாடியிலேர்ந்து ஓடி வந்திருப்பேனே என்று ஒன்று. அது உண்மை. மேலே அவள் இருந்தது அன்று எனக்கு நினைவே வரவில்லை. இதை இப்போதுதான், அவள் எழுதிய பிறகுதான் யோசிக்கிறேன்.

பதினொன்றரைக்கு இன்னொன்று: "அத்தை, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க."

இருபது வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே அவளுக்குச் சொல்ல.

மறுபடி போன் அடிக்கிறது. அடிக்கட்டும்.