இடுப்பு அகலம்

என் மகளின் அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அம்மா என்னை எழுந்து நடக்கச் சொன்னார். “இடுப்பு நல்ல அகலம், சுகப்பிரசவம்தான்” என்றார். நீங்கள் சிரித்தீர்கள்.

கர்ப்பகால வகுப்பில் தாதி பிளாஸ்டிக் இடுப்பெலும்பைக் கையில் கொடுத்து, வெளியே தெரிகிற அகலம் வேறு, பிள்ளை இறங்குகிற உள்வழி வேறு என்று விளக்கினார். நீங்கள் கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிரசவ அறையில் இருபது மணி நேரம் போனது. உள்வழி குறுகல், தலை இறங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்கு நீங்கள் சொன்னது அந்த வலியிலும் என் காதில் விழுந்தது. “இன்னும் கொஞ்சம் முக்கச் சொல்லுங்க டாக்டர். இவளுக்கு இடுப்பு பெருசு லா.”

ஆபரேஷன் செய்யுங்கள் என்று சொன்னது நான்தான்.

முப்பதாம் நாள் விருந்தில், எனக்கு முக்கச் சோம்பல் என்று உங்கள் அம்மா எல்லாரிடமும் சொன்னார். பொறுத்துக்கொண்டேன். மறுநாள் அவரே பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவளுடைய இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, “இவளுக்கும் நல்ல அகலம், ஆனா அம்மா மாதிரி ஏமாத்த மாட்டா” என்றார். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் போலவே சிரித்தீர்கள். அப்போதுதான் பையைக் கட்டினேன்.

ஈசூனில் எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறோம். தனியாக வாருங்கள். வகுப்பில் பார்த்த மாதிரியே ஒரு பிளாஸ்டிக் எலும்பு வாங்கி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். அதில் பிள்ளை வரும் வழி எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பிறகு மகளைத் தூக்கலாம்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்