முதல் பக்கத்தில் அக்கா நகையகம்

காஜா பெராங், மலாக்கா
10.3.1957

அன்புத் தம்பி பொன்னுதுரைக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான் சுகம். கோலாலம்பூர் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? நான் மூன்று கடிதம் போட்டால்தான் நீ ஒன்று போடுவது என்று முடிவு செய்துவிட்டாய்போலிருக்கிறது.

உங்கள் அச்சகம் போட்ட வணிகக் கையேடு கிடைத்தது. எல்லா ரப்பர் தோட்டங்களுக்கும் போகிற புத்தகம், உன் பெயரும் வரும் என்றாய். வந்திருக்கிறது, அறுபத்தெட்டாம் பக்கத்தில். ‘சந்திரமதி நகையகம், தபாலில் நகை அனுப்பப்படும்.’ எனக்கே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு யார் எழுதுவார்கள்? சுப்பையன் ஆசாரி செய்து தந்த தோடுகள் பெட்டியை விட்டு நகரவில்லை. இதே தெருவில் நகைக் கடை வைத்திருக்கிற பாக்கியலட்சுமி அம்மாளுக்குத் தபால்காரர் கட்டாகக் கடிதம் கொடுத்துவிட்டுப் போகிறார். உன் அத்தான் போன பிறகு எனக்கு இந்த முன்னறைக் கடைதான் எல்லாம். நீ அங்கேயே வேலை பார்க்கிறாய். ஏதாவது செய்யக் கூடாதா?

அன்புள்ள அக்கா,
சந்திரமதி

*

கோலாலம்பூர்
24.3.1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். இரண்டு வருடமாக இந்தக் கையேட்டுக்கு ஊர் ஊராக விளம்பரம் பிடிக்கிறேன். நான் கண்டது ஒன்றுதான். ஜனங்கள் பக்கம் புரட்டுவதில்லை. முதலில் இருக்கிற கடைக்கு எழுதுகிறார்கள், அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஆகஸ்டில் வரும் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்காக ஜூலையில் பெரிய பதிப்பு வருகிறது. கடைப் பெயரை ‘அக்கா நகையகம்’ என்று மாற்றிவிடுவோம். அகர வரிசையில் உன்னை யாரும் முந்த முடியாது. பின்னால் வருகிற பொருள் பட்டியலில் நகை என்ற தலைப்பில் மட்டும் போட்டால் போதாது. தாலி, கொலுசு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஜனங்கள் எதைத் தேடினாலும் உன் பெயர் கண்ணில் பட வேண்டும். வாங்கியவர்கள் பாராட்டி எழுதிய கடிதங்கள் இருந்தால் அனுப்பு.

நீ பெட்டி கட்டத் தயாராக இரு. மற்றது என் வேலை.

உன் தம்பி,
பொன்னுதுரை

*

காஜா பெராங்
2.6.1957

அன்புத் தம்பி துரைக்கு,

அச்சுப் பிழை பார்க்கச் சொல்லி அனுப்பிய தாள்கள் வந்தன. முதல் பக்கத்தில் முதல் பெயர். பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செட்டியம்மாவிடம் காட்டினேன். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற மலாக்காச் செட்டிக் குடும்பம், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மலாயில்தான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் அனுப்பிய மூன்று பாராட்டுக் கடிதங்களும் போதுமா? அதற்கு மேல் என்னிடம் இல்லை. தாள்களில் கையெழுத்துப் போட்டு இன்றே திருப்பி அனுப்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

காஜா பெராங்
28.7.1957

தம்பி துரைக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் குவிகிறது. சாப்பிட நேரமில்லை. இதை நான் மகிழ்ச்சியோடு எழுதியிருக்க வேண்டியது.

நேற்று ஒரு கடிதத்தில், ‘உங்கள் ஈப்போ கிளையிலேயே வாங்கிக்கொள்ளலாமா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு ஏது கிளை? பிறகுதான் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். ஈப்போ, சிரம்பான், கிள்ளான் மூன்றிலும் கிளைகளாம், தெருப் பெயரோடு. பாராட்டுக் கடிதங்கள் இருபத்திரண்டு. தாப்பா ருக்மணி யார்? ‘அக்கா நகையகத்தின் தாலி என் கழுத்தில் ஏறிய நாளிலிருந்து என் வீட்டில் லட்சுமி குடியிருக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறாள். அது உன் நடை. எனக்குத் தெரியாதா?

வைத்தியர் என்ற தலைப்பிலும் என் பெயரைப் போட்டிருக்கிறாய். பிள்ளைக்கு ஜுரம், மருந்து அனுப்புங்கள் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன அனுப்புவேன்? கொலுசா?

எல்லாவற்றுக்கும் மேல், ‘பாக்கியலட்சுமி நகைக் கடை’ என்று போட்டு அதன் கீழே என் முகவரி. அவரைத் தேடி எழுதிய பதினேழு பேருடைய கடிதங்கள் என் வீட்டில் கிடந்தன. கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

இதை எப்படித் திருத்துவது என்று உடனே எழுது.

அக்கா

*

கோலாலம்பூர்
6.8.1957

அன்புள்ள அக்காவுக்கு,

அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது. நீ சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாய். இங்கே எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். கிளைகள் இன்று இல்லை, நாளை வரலாம். ருக்மணி யாரென்று தாப்பாவுக்குப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? பாக்கியலட்சுமி அம்மாளுக்கு வேண்டிய மட்டும் வாடிக்கை இருக்கிறது.

தாள்களில் கையெழுத்துப் போட்டது நீதான். ஏதாவது செய் என்று கேட்டதும் நீதான். நான் ஒரு காசு எடுத்துக்கொள்ளவில்லை. உனக்காகத்தான் செய்தேன்.

நாடே புதிதாகப் பிறக்கப் போகிற நேரம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
துரை

*

காஜா பெராங்
15.9.1957

துரைக்கு,

போன சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கையில் கையேட்டிலிருந்து கிழித்த தாள். ஈப்போவுக்கு அப்பால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டுகிறவர். பெயர் ராஜரத்தினம். மகள் மல்லிகாவுக்கு ஞாயிறு காலை கல்யாணம். தாலிக்கு நம்மிடம் எழுதியிருந்தார். பொட்டலம் வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. பணம் கட்டிப் பிரித்தால், உள்ளே குழந்தைக் கொலுசு. குவிந்து கிடந்த பெட்டிகளில் நான்தான் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அந்தத் தவறு என்னுடையது.

“ஈப்போவுல கிளை இருக்குன்னு போட்டிருந்திச்சும்மா. வெள்ளிக்கிழமை காலையில போயி மாத்திட்டு சாயங்காலம் வந்துருவேன்னு மக கிட்ட சொல்லிட்டு வந்தேன்” என்றார்.

“அங்கே போனீங்களா?”

“போனேன். சாயாக் கடையா இருக்கு. அந்தத் தெரு பூரா விசாரிச்சேன். வேற வாங்கக் கையில காசு இல்ல. அதான் பஸ் ஏறி இங்க வந்துட்டேன். அவசரகாலச் சட்டம்னு வழியில ரெண்டு எடத்துல போலீஸ் நிறுத்திச் சோதிச்சாங்க.”

தாலியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தத் தாளை நீட்டி, “இதுல ருக்மணின்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்களே, அதைப் படிச்சிட்டுத்தான் மல்லிகா இங்கதான் தாலி வாங்கணும்னு சொல்லிச்சு. அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார்.

“அப்படி ஒருத்தி இல்லைங்க. என் தம்பி எழுதினது” என்றேன்.

அவர் திட்டவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சோறு போடுகிறேன் என்றதற்கு, “வேணாம்மா, ரயில் போயிரும்” என்று எழுந்துவிட்டார். ரயில் நிலையம் இருக்கிற தம்பினுக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

நேற்று அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ரயில் தாமதமாம். விடிகாலை முகூர்த்தத்தில் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டித் தாலியாகக் கட்டியிருக்கிறார்கள். அப்பா இடத்தில் சித்தப்பா நின்று தாரை வார்த்துக் கொடுத்திருக்கிறார். ராஜரத்தினம் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். ‘தாலி பத்திரமாக வந்து சேர்ந்தது’ என்று மட்டும் கடைசியில் எழுதியிருக்கிறார்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஜூன் மாதம் தாள்கள் வந்தபோது நான் முதல் பக்கத்தைத்தான் பார்த்தேன். மறுபக்கம் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் உன் பொய்கள் எல்லாம் அங்கேயே கண்ணில் பட்டிருக்கும். பெயர் மேலே இருக்கிறது என்ற ஆசையில் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. உன் கையால், உன் பெயரில். முகவரி இதோடு வைத்திருக்கிறேன்.

சந்திரமதி

*

கோலாலம்பூர்
2.10.1957

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. முதலாளி என்னை விளம்பரப் பிரிவுக்கு மேலாளராக்கிவிட்டார். உன் கடை விளம்பரத்தைத்தான் எல்லாருக்கும் எடுத்துக் காட்டுகிறார்.

அந்த மனிதர் விஷயம் வருத்தம்தான். ஆனால் கல்யாணம் நடந்துவிட்டது, தாலியும் போய்ச் சேர்ந்தது. இனி நான் என்ன எழுதுவது? ஒன்று தோன்றுகிறது. மகள் கல்யாணத்துக்காக ஈப்போவிலிருந்து மலாக்கா வரை தேடி வந்து நம்மிடமே தாலி வாங்கிய தகப்பன். அடுத்த பதிப்புக்கு இதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது. எழுதி வைத்துவிட்டேன். படித்தால் நீயே அசந்துபோவாய்.

தீபாவளிக்கு வருகிறேன். அச்சு முறுக்கு செய்து வை.

உன் தம்பி,
துரை

*

காஜா பெராங், மலாக்கா
12.10.1957

திரு. பொன்னுதுரை அவர்களுக்கு,

உங்கள் கையேட்டின் எந்தப் பதிப்பிலும், எந்தத் தலைப்பிலும் என் பெயரோ முகவரியோ வரக் கூடாது. இதையே உங்கள் முதலாளிக்கும் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். அந்தத் தகப்பனைப் பற்றி எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். அது அச்சானால், இருபத்திரண்டு கடிதங்களையும் எழுதியது யார் என்று நானே பத்திரிகைக்கு எழுதுவேன்.

ஆர்டர் அனுப்பியவர்களுக்கெல்லாம் இந்தக் கடைக்குக் கிளை கிடையாது, பாராட்டுகள் பொய் என்று ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் ஆர்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாக்கியலட்சுமி அம்மாள் வீட்டுக்கு மறுபடியும் போனேன். இந்த முறையும் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

தீபாவளிக்கு நீங்கள் வர வேண்டாம். வீடு பூட்டியிருக்கும். நான் சுங்கை சிப்புட் போகிறேன். அந்த வீட்டில் என்னை உள்ளே விடுவார்களா என்று தெரியாது. விடாவிட்டால் வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

இப்படிக்கு,
சந்திரமதி