நாகவேயன் ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

நாகவேயன் ஏன் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை.

என் கதையின் இரண்டு பாகங்களிலும் அவன் ஊர் ஊராகப் போய்க் குழல் ஊதினான். கேட்டவர்களின் குரலை உறிஞ்சி மூங்கில் கணுக்களில் அடைத்து வைத்தான். தும்பி என்ற பெண்ணின் குரலையும் அவன்தான் எடுத்தான். மூன்றாம் பாகத்தில் அந்தப் பெண் அவன் குகை வாசலுக்கு வருகிறாள். குரலில்லாமல் பாடும் வித்தை உலகில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வந்து நிற்கிறாள். ஒரு மாதமாக நிற்கிறாள். நான் அவளை அப்படியே விட்டுவிட்டு தினமும் கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியல் நடத்திவிட்டு வருகிறேன்.

காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும்போது, தங்கச் சுரங்கம் கொட்டிய சயனைடு மண் மேடுகள் அடிவாரம் இல்லாமல் பனியில் மிதந்தன. அவன் வசிக்கும் வெள்ளை மலை அதுதான். எந்த வாசகரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

என் அக்கா ரெபேக்காவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கழுத்தில் இருப்பது நல்ல கட்டி இல்லை. தைராய்டை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் பெங்களூர் டாக்டர். குரலுக்கான நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். நூற்றில் ஒருவர் இருவருக்குக் குரல் போகலாம்.

சிறிய எண்தான். வகுப்பில் என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ரயிலில் திரும்பி எங்கள் சாம்பியன் ரீப்ஸில் இறங்கியதும் அக்கா, "நான் பண்ணிக்கல கரோ. செத்தாலும் பாடிகினே சாவறேன்" என்றாள். அவள் கணவர் டைட்டஸ் மாமா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அக்காவை எதிர்த்து அவர் பேசி நான் பார்த்ததில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் கோயிலுக்குப் போகிறேன், அக்காவின் பாடகர் குழுவைக் கேட்க.

அப்பா சுரங்க வாயிலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர். ஒன்று என்றால் நில். இரண்டு, கீழே. மூன்று, உள்ளே ஆள் இருக்கிறது, மெல்ல மேலே. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் மூங்கில் தட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா, படுத்துக்கொண்டு இதையே தட்டி விளையாடுவோம். தூக்கம் வருகிற நேரத்தில் வீடே இறங்குவதுபோல இருக்கும். அக்கா இன்றும் அதை விடவில்லை. ஆர்மோனியப் பெட்டியில் மோதிரத்தால் தட்டுவாள். மூன்று தட்டினால் மொத்தக் குழுவும் சுருதியை ஏற்றும். வெளியூரிலிருந்து வந்த ஆயர் முதல் வாரம் யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து எழுந்து போனார்.

இன்று ஒற்றைத் தட்டு, குழுவில் பாடும் சைலஸுக்கு. "பாடறியா, ஆட்ட அறுக்கறியா?"

"கேஜ் நின்னு போச்சு. இனிமே ஏணியிலதான் ஏறணும்" என்றான் சைலஸ். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

14 ஆகஸ்ட், புதன்

குகை வாசலில் மழை பெய்யவைத்தேன். நனைந்துகொண்டு நிற்கிறாள். அவன் உள்ளேயே இருக்கிறான்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா மதியம் வந்தாள். நான் எழுதுவதை அச்சுக்கு முன்னால் படிப்பவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாடி, இன்னும் அவ வாசல்லயே நிக்கறாளா?"

"நீ ஆஸ்பத்திரிப் பேப்பர்ல இன்னும் கையெழுத்துப் போடலியே, அது மாதிரிதான்."

முறைத்தாள். பிறகு, "சரி. அவன் கத்துக்குடுக்கறத நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது. கெட்டவன் ஒருவன் மனம் மாறுவதாக எழுத எனக்குக் கை வராது. நான் அப்படி யாரையும் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

"திருந்தறான்னு யாருடி சொன்னது? அந்தப் பொண்ண அவன் எதிர்ல தப்பாப் பண்ண வுடு. குரல் இல்லன்னா இன்னா, கல்லுல தாளம் தட்டட்டும். தப்புத் தப்பாத் தட்டட்டும். சும்மா குந்திகினு இருப்பானா அவன்?"

"அவ்வளவுதானா?"

"எனக்கு அவ்வளவுதான். சைலஸ் மேல இன்னா பாசமா எனக்கு? அவன் சுதி வுட்டா எனக்குப் பல்லு கூசுது. அதான் கத்துக்குடுக்கறேன்."

வாசல்வரை போய்த் திரும்பினாள். "அவன் நான்தானே? மூக்குகூட என்னுதுதான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் பாகத்தை எடுத்துப் பார்த்தேன். நீண்ட மூக்கு. பாடும்போது இடது புருவம் மட்டும் ஏறும். தப்பாகப் பாடியவர்களின் குரலைத்தான் முதலில் பறிக்கிறான். இதையெல்லாம் நான்தானா எழுதினேன்? எப்போது?

21 ஆகஸ்ட், புதன்

திரும்பும் ரயிலில் கண் அசந்துவிட்டேன். கேஜில் அக்காவும் நாகவேயனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கம் மூடியபின் ஊறிய தண்ணீருக்குள் கேஜ் சத்தமில்லாமல் இறங்கியது. ஒவ்வொரு லெவலிலும் மூங்கில் கணுக்கள் மிதந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குரல் மெல்லிய பச்சை வெளிச்சமாக. இருவரும் ஒன்றையும் தொடவில்லை. சுருதி சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

விழித்தபோது ஊரிகம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடைமேடை பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். தும்பி பாறையில் தட்டுகிறாள். தப்பு. மறுபடி தட்டுகிறாள். இன்னும் பெரிய தப்பு. குகைக்குள் இருந்து, 'நிறுத்து' என்கிறான். அவள் நிறுத்தவில்லை. கடைசியில் எழுந்து வெளியே வருகிறான். அவள்மேல் இரக்கம் கிடையாது. பிடிக்கக்கூட இல்லை. 'அந்தக் கல் இல்லை, இந்தக் கல்' என்கிறான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது: "போட்டுட்டேன் கையெழுத்து. ரெண்டு எடத்துல தாளம் ஒதைக்குது, பார்த்துக்கோ."

26 ஆகஸ்ட், திங்கள்

காலையில் ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா மோதிரத்தைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தாள். "எனக்குக் குரல் வரலன்னா நீ அழாத கரோ. அழுதா நீ ரொம்ப அசிங்கமா இருப்ப."

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். நரம்பு அறுபடவில்லை, ஆனால் அசைந்திருக்கிறது என்றார் டாக்டர். அப்படியென்றால்? நாளைக்குப் பார்ப்போம் என்றார். மாமா மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா அரை மயக்கத்தில். கதையில் என்றால் இந்நேரம் நான் ஏதாவது செய்திருப்பேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் அக்கா கண் திறந்தாள். வாய் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை. காற்றுதான். வீக்கம் வற்றட்டும், சில வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா வெளியே போய்விட்டார்.

என்ன செய்வது? ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அழக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டு, அம்மா எங்களைத் தூங்க வைக்கும்போது பாடும் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தேன். நான் யார் எதிரிலும் பாடுகிறவள் இல்லை.

கட்டில் கம்பியில் ஒரு தட்டு. விரல் முட்டியால்.

நிறுத்தினேன். அக்கா திரும்பவில்லை. வார்டில் யாரோ டம்ளர் கழுவும் சத்தம். பிறகு மூன்று தட்டு.

சுருதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாடினேன். ஒரு தட்டு. நின்றேன். மூன்று. மறுபடி. எதிர்க்கட்டில் பார்வதம்மா தலையைத் தூக்கி, "இன்னாம்மா கதவு தட்டற சத்தம், யார் வந்துகீறாங்க?" என்று கேட்டார்.

மதியச் சாப்பாடு வரைக்கும் நடந்தது. முதல் அடியைத் தாண்டவே விடவில்லை. மாமா வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போட்டார். அதன்பிறகு சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.