சத்தம் வராத கேப்சர் கார்டு

12 ஜூலை, சனி
கிள்ளான்ல காலையிலேயே கொளுத்துது. பந்திங் சித்தப்பா வீட்டு வீடியோ பிளேயர் வந்து சேந்துச்சு. டேப்பும் கிடைச்சிருச்சு, அலமாரி மேல, சேலைப் பொட்டிக்குள்ள. இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கு எடுத்தது. ஓரத்துல வெள்ளையா பூசணம். பிளேயர் ஒரு கடி கடிச்சா முடிஞ்சுது கதை.

நான் ஃபார்ம் டூ படிக்கிறப்ப, பதினாலு வயசுல, அம்மாவுக்குத் தொண்டையில கேன்சர், குரல்வளையை எடுத்துட்டாங்க. அப்பலாம் யாரு வீட்ல போன்ல வீடியோ எடுத்தா? அம்மா பேசுறது இருந்தா இந்த ஒரு டேப்லதான். இப்ப உதட்டசைவும் டைப் பண்றதும்தான். அம்மா குரல் எப்படி இருக்கும்? எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. அப்பாகிட்ட கேட்டேன்.
"நல்லாத்தான் இருந்துச்சு."
சொல்லிட்டு பேப்பரைத் தூக்கிட்டாரு மனுஷன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல கேப்சர் கார்டு வாங்கினேன். பிளேயர்ல ஓடுற படத்தை லேப்டாப்புக்குள்ள இழுக்கிற குட்டி டப்பா. கடைக்காரர்: "விண்டோஸா?"
"இல்ல பாஸ், லினக்ஸ்."
"கஷ்டம்லா. டிரைவர் சிடி விண்டோஸுக்குத்தான்."
கஷ்டம்னா விட்டுருவேனா?

வாங்கணும்: பஞ்சு, ஸ்பிரிட், அப்பா மாத்திரை.

13 ஜூலை, ஞாயிறு
சோதனைக்கு சித்தப்பாவோட பேட்மிண்டன் டேப். நம்ம டேப்ப இப்பவே ஓட்டித் தேய்க்க வேணாம்.

கார்டைச் செருகி வீடியோவத் திறந்தா என் மூஞ்சி. தலை நிறைய எண்ணெய். லேப்டாப் கேமராதான் முதல்ல உக்காந்திருக்கு, கார்டு அடுத்தது. மாத்தினேன். கறுப்பு.

வெண்ணெய்க் கத்தியால டப்பாவப் பிரிச்சிட்டேன், ஹிஹி. பெட்டியில ஒரு சிப் பேரு, உள்ள வேற. உள்ள இருக்கிற பேரைத் தேடினா அதோட டிரைவர் லினக்ஸ்லயே ஏற்கனவே இருக்கு! நான் மஞ்சள் ஒயரை மாட்டியிருக்கேன், கார்டு வேற வாசல்ல படத்துக்குக் காத்துக் கிடக்கு. அதையும் மாத்தினதும் படம். ஆனா கறுப்பு வெள்ளை, உருண்டுகிட்டே. அமெரிக்கா டிவி முறையில வச்சிருக்கானுங்க. நம்ம ஊரு முறைக்கு மாத்தினேன், கலர் வந்து நின்னுச்சு.

சத்தம் மட்டும் இல்ல. எனக்கு வேண்டியதே அதான்.

அம்மா எட்டிப் பார்த்து போன்ல காட்டினாங்க: "என்ன இது?"
"ஆபீஸ் வேலைம்மா."
பொய். வராம போச்சுன்னா? ஆசை காட்டி ஏமாத்தக் கூடாது.

15 ஜூலை, செவ்வாய்
மழை. ரயில் லேட். பங்சார் ஆபீஸ்ல சாப்பாட்டு நேரம் பூரா ஃபோரம். என் பிரச்சினையே, அச்சு அசலா. அடுத்த பதிவுல அவனே: "சரியாயிருச்சு, நன்றி." எப்படின்னு சொல்லவே இல்ல! பாவிப்பயலே.

வேற யூஎஸ்பி ஓட்டை: இல்ல. ரீஸ்டார்ட்: இல்ல. சிஸ்டம் அப்டேட்: இல்ல, கூடவே வைஃபையும் போச்சு.

19 ஜூலை, சனி
கண்டுபிடிச்சேன்! கார்டோட சத்தம் தனியா இன்னொரு சவுண்ட் கார்டா ஒளிஞ்சுகிட்டு இருக்கு, மியூட்ல. பொறந்ததிலருந்தே மியூட். சவுண்ட் மிக்சரத் திறந்து ரெண்டு பட்டன், அவ்வளவுதான். ஷட்டில் டக், டக். ஷட்டில் சத்தத்துக்கு எவளாவது அழுவாளா? நான் அழுதேன்.

அந்த வேகத்துல பூசணத்தைத் துடைச்சிட்டு நம்ம டேப்பப் போட்டேன். கடிக்கல. அம்மா அடுப்படியில, நீலச் சேலை, வாய் அசையுது. சத்தம்? சினிமாப் பாட்டு. தொடக்கத்திலருந்து கடைசி வரைக்கும் பாட்டு. வீடியோக்காரரு டேப் பூரா பாட்டப் போட்டு மூடிட்டாரு. அப்பலாம் எல்லா விசேஷத்துக்கும் அப்படித்தானே.

சாப்பிடல. கோவம் கோவமா வருது.

20 ஜூலை, ஞாயிறு
தூக்கம் சரியில்ல. மனசு கேக்கல, பிளேயர்ல உள்ள ஒவ்வொரு பட்டனும் எதுக்குன்னு தேடிப் படிச்சேன். முன்னாடி மூடிக்குள்ள ஒரு ஸ்விட்ச்: நார்மல், ஹைஃபை. பின்னாடி சேக்கிற பாட்டு டேப் ஓரத்துல பதியுமாம். நல்ல கேமராவா இருந்தா, எடுக்கிறப்ப பதிஞ்ச சத்தம் படத்துக்கு அடியிலயே அப்படியே இருக்குமாம். இந்தக் கேமரா நல்லதா? யாருக்குத் தெரியும்.

தள்ளினேன். பாட்டு நின்னுச்சு. பாத்திரம் உருள்ற சத்தம்.

"தம்பி, என்னை எடுக்காதப்பா! சாம்பார எடு, அதான் நல்லாருக்கு!"

நான் என்னமோ மெல்லிசா இருக்கும்னு நெனச்சிருந்தேன். ஐயோ, காது கிழியுது! கரகரன்னு, அதட்டலா. பதிவு பண்ணி முடிச்சேன். அம்மாவ இழுத்துட்டு வந்து உக்கார வச்சு, டேப்புல அவங்க கூப்பிடுற இடத்தைப் போட்டேன். ஸ்பீக்கர் முழு சத்தத்துல.

"ஏங்க! எங்க போய் நிக்கிறீங்க? எல்லாரும் உக்காந்தாச்சு, சாப்பிட வாங்க!"

வெளிய காடி டயரக் கழுவிக்கிட்டிருந்த அப்பா:
"வரேன், வரேன்! கத்தாதே!"

அப்புறம் தண்ணி விழுற சத்தம் மட்டும். அப்பா வாசல்ல வந்து நின்னாரு, கையில சோப்பு நுரையோட. அம்மா என் கையிலருந்து மவுஸ வாங்கி, எத அமுக்கினா மறுபடி ஓடும்னு கண்ணாலயே கேட்டாங்க. காட்டினேன்.

அப்பாவப் பாத்துக்கிட்டே அமுக்கினாங்க.