படத்துக்குக் கட்டிய காப்பு

தாராவி,
புதன்கிழமை.

தம்பி அனந்துக்கு, கோகிலவாணி அக்கா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்குத் தூக்கம் இல்லை. இருபது நாள் என் கையால் சாப்பிட்டவன் இப்போது போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால்தான் சென்னையில் உன் அம்மா வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எங்கள் தெரு அம்மன் கொடைத் திருவிழாவை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கிறேன் என்று வந்தாய். காப்புக் கட்டும் காட்சியில் என் வீட்டுக்காரரை உட்கார வைத்தாய். பூசாரி சுடலைக்கண்ணனுக்கு நடிக்கத் தெரியுமா? நிஜமாகவே மந்திரம் சொல்லி, நிஜமாகவே கட்டிவிட்டார். கொடைக் காட்சி எடுக்கும் முன்னே தயாரிப்பாளர் கைவிரித்தார், நீங்கள் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டீர்கள். இரண்டு மாதமாக இவர் கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருக்கிறது.

காப்புக் கட்டியவர் கொடை முடியாமல் ஊர் எல்லை தாண்டக்கூடாதாம். தைத்த பைகளைச் செம்பூருக்குக் கொண்டுபோக மாட்டேன் என்கிறார், அங்கே பை வாங்கும் சேட் கத்துகிறார். எல்லையில் இருக்கும் சயான் ஸ்டேஷன் வரை நடந்து அப்படியே திரும்பி வருகிறார். நாமே ஒரு பொங்கல் வைத்து முடித்துவிடுவோம் என்றேன். "படத்துக்குக் கட்டுனது படத்துலதான் முடியணும்ட்டீ" என்கிறார். பூசாரியும் அதற்கு ஆமாம் போடுகிறார். நல்ல ஜோடி.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன் தம்பி. ஆனால் என் மகள் செல்வமாரிக்கு இது ஒன்பதாம் மாதம். போன தடவை ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் பிரயாணம் கூடாது என்றதால் இந்தத் தடவை தென்காசியில் மாமியார் வீட்டிலேயே இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் போக இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தினமும் போனில், "அப்பாவும் வாறாகல்லா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்?

நேற்றுக் கோபத்தில் கத்திரிக்கோலை எடுத்தேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதுவிட்டார். அறுத்துவிட்டுப் போய் அங்கே ஏதாவது ஆகிவிட்டால், ஆயுசுக்கும் தன்னால்தான் என்று இருக்குமாம். அதைக் கேட்டபிறகு எனக்கும் கத்திரிக்கோலைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

பத்தொன்பதாம் தேதிக்குள் வந்துவிடு. பொங்கல் நான் வைக்கிறேன். மேளத்துக்கு மாரிக்கண்ணன் வருகிறான். குலவை போடத் தெருப் பெண்கள் இருக்கிறார்கள். உன் படம் நன்றாக ஓடும், அம்மன் உன்னைக் கைவிடமாட்டாள். கேமரா கிடைக்காவிட்டால் போனையே தூக்கிப் பிடி. அதில் படம் விழாவிட்டாலும் நான் இவரிடம் சொல்லமாட்டேன்.

வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
கோகிலவாணி அக்கா