சம்பந்தி சொன்ன மேனேஜர்

ஞாயிறு, இரவு

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் டீப்பாயில் ஓங்கி அடித்தேன். பஜ்ஜித் தட்டு கவிழ்ந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இது எனக்குத் தேவையா?

பையனின் அப்பா குன்றத்தூர்க்காரர். நான் உயிரை விடும் அதே இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்புக்கு அவரும் ரசிகர் என்றதும் ஜாதகமே பொருந்திவிட்டதாகப் பூரித்துப்போனேன். டீமைப் பயிற்சி கொடுத்து நடத்தும் மேனேஜராக அடுத்து யார் வரணும் என்று வாயைக் கொடுத்ததுதான் வினை. நான் ஓர் இத்தாலிக்காரரைச் சொன்னேன். அவர் ஒரு ஸ்பெயின்காரரைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"அந்தாளா? பத்து பேரையும் நம்ம கோல் வாசல்லயே நிக்க வெச்சிடுவான் சார். அந்தப் பக்கம் போய் கோல் யார் போடறது, உங்க மாமனாரா?"

என் மாமனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஸ்பெயின்காரர் கால் வெச்ச கிளப் எதுவும் உருப்படல. உங்களுக்கு ஃபுட்பாலே தெரியாது சார்" என்றேன்.

காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார். "போய் தகவல் சொல்றோம்."

மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் என்னோடு பேசவில்லை. "போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்க" என்கிறாள் மனைவி. கேட்கலாம். ஆனால் அந்த ஸ்பெயின்காரரை எந்த வாயால் ஒப்புக்கொள்வது? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

இருக்கிற மேனேஜரை கிளப் இன்னும் நீக்கவே இல்லை.